ரசீது இல்லாத செலவு

ஒரு வாய்தாவுக்குப் போய்வர ஆகும் செலவு 497 ரூபாய். அன்றைக்கு வேலைக்குப் போகாததால் கைவிட்டுப் போன வருமானம் 844 ரூபாய். கூட்டினால் 1,341.

பெங்களூரின் 'தக்ஷ்' ஆய்வு அமைப்பு 24 மாநிலங்களில் 305 இடங்களில் 9,329 வழக்காடிகளிடம் கேட்டு, 2016இல் வெளியிட்ட கணக்கு இது. சிவில் வழக்குக்காரர்களின் சராசரி. கிரிமினல் வழக்கு என்றால் செலவு 542, வருமான இழப்பு 902, ஆக 1,444. வக்கீல் பீஸ் தனி.

நீதிமன்றத்தில் கட்டும் பணத்துக்கெல்லாம் ரசீது உண்டு. முத்திரைக் கட்டணம், சம்மன் அனுப்ப பேட்டா, நகல் மனு, வக்காலத்தில் ஒட்டும் நலநிதி வில்லை என்று எதைக் கேட்டாலும் குமாஸ்தா காகிதம் காட்டுவார். இந்த 1,341 ரூபாய்க்கு மட்டும் காகிதம் கிடையாது. நீதியின் விலையில் ரசீது உள்ள பகுதி எவ்வளவு, இல்லாத பகுதி எவ்வளவு என்று பக்கம் பக்கமாக எழுதிப் பார்ப்போம்.

முதல் பக்கம்: வழக்காடி

தமிழ்நாட்டில் பண வசூல் வழக்குக்கு முத்திரைக் கட்டணம் நீண்ட காலம் 7.5 சதவீதமாக இருந்தது. 2017இல் 1955ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி அதை 3 சதவீதமாகக் குறைத்தார்கள். நல்ல காரியம். கைமாற்றாகக் கொடுத்த 5 லட்சம் ரூபாயைக் கேட்டு ஒருவர் வழக்குப் போடுகிறார், வழக்கு முடிவதற்குள் 30 முறை நீதிமன்றம் வருகிறார் என்று வைத்துக்கொண்டு ஒரு மாதிரிக் கணக்கு:

பழைய முத்திரைக் கட்டணம் (7.5%) – 37,500
இப்போதைய கட்டணம் (3%) – 15,000
அரசு விட்டுக்கொடுத்தது – 22,500
30 வாய்தா × 1,341 – 40,230

அரசு விட்டுக்கொடுத்த 22,500 ரூபாயை 17 வாய்தா தின்று தீர்த்துவிடும். இருபத்தெட்டாவது வாய்தாவிலேயே, குறைப்பதற்கு முன்பிருந்த பழைய கட்டணத்தையே தாண்டிவிடுகிறது காத்திருப்பின் செலவு. 2016இன் விலைவாசியில் போட்ட கணக்கு என்பதையும் மறக்க வேண்டாம்.

தொகை சின்னதாக ஆக, கணக்கு மோசமாகும். அதே வழக்கு 1 லட்சத்துக்கு என்றால் முத்திரைக் கட்டணம் 3,000 மட்டும். வாய்தாச் செலவோ அதே 40,230. கேட்கும் தொகையில் நூற்றுக்கு நாற்பது. கட்டணம் கடனின் அளவைப் பார்த்து ஏறி இறங்குகிறது. வாய்தா அதைப் பார்ப்பதில்லை. ஒரு லட்சம் கொடுத்து ஏமாந்தவர் "போனால் போகிறது" என்று விட்டுவிடுவதைப் பெருந்தன்மை என்று நினைத்துவிடக் கூடாது. அவர் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் விட்டிருப்பார்.

சராசரியை அப்படியே ஏழையின் தலையில் ஏற்றவும் கூடாது. 844 ரூபாய் இழக்க வேண்டுமானால் முதலில் 844 ரூபாய் சம்பாதிக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2016-17இல் நூறு நாள் வேலைக்கு அறிவித்த கூலி 203 ரூபாய். அந்தக் கூலிக்காரர் வாய்தாவுக்கு வந்தால் இழப்பது 203, போய்வரச் செலவு 497, மொத்தம் 700. ரூபாயில் பார்த்தால் சராசரியில் பாதிதான். அவருடைய கூலியில் பார்த்தால் ஏறக்குறைய மூன்றரை நாள் உழைப்பு. "கட்டு வரலை, அடுத்த மாசம் வாங்க" என்று ஒரு வரியில் முடிந்துபோகிற காலைக்கு அவர் கொடுக்கும் விலை அது.

சட்டத்தில் வாய்தாவுக்கு வரம்பு இல்லாமல் இல்லை. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 17ஆம் கட்டளைப்படி, வழக்கு விசாரணையில் ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் கொடுக்கக் கூடாது. எதிர்வாதவுரை தாக்கல் செய்ய 30 நாள், மிஞ்சினால் 90 நாள். இந்த வரம்புகளைக் கொண்டுவந்த சட்டத் திருத்தங்களை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனது நம் சேலம் வழக்கறிஞர் சங்கம்தான். திருத்தம் செல்லும், ஆனால் கட்சிக்காரரின் கைமீறிய சூழ்நிலையில் நீதிமன்றம் நாலாவது வாய்தாவும் தரலாம் என்று 2005இல் தீர்ப்பு வந்தது. விதிவிலக்காகத் திறந்துவைத்த அந்தச் சிறு கதவு வழியாகத்தான் இன்று ஊரே போய்வருகிறது.

'ஜெயித்தவன் தோற்றான், தோற்றவன் செத்தான்' என்று கோர்ட் வழக்கைப் பற்றி ஊரில் சொல்வார்கள். அதையும் கணக்கில் சோதிக்கலாம். வாதி ஜெயித்தால் தீர்ப்பாணையில் 'செலவுத்தொகை' என்று ஒரு வரி இருக்கும். கட்டிய முத்திரைக் கட்டணம் அதில் திரும்பும், பேட்டா திரும்பும். சமரசமாக முடித்துக்கொண்டாலும் கட்டணத்தைத் திரும்பப் பெறலாம். நீதிமன்றம் அனுப்பிச் சமரசம் பேசினால்தான் என்றில்லை, தாங்களாகவே வெளியில் பேசித் தீர்த்துக்கொண்டாலும் திருப்பித் தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை 2021இல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. ஆக, ரசீது உள்ளதெல்லாம் ஏதோ ஒரு வழியில் திரும்பி வருகிறது. ரசீது இல்லாத 40,230 வருவதில்லை.

எதிராளி வேண்டுமென்றே பொய் வழக்குப் போட்டு அலைக்கழித்தார் என்று நீதிமன்றமே முடிவுக்கு வந்தால்? சிவில் நடைமுறைச் சட்டத்தின் 35ஏ பிரிவில் அதற்கு ஈட்டுச் செலவு உண்டு. உச்சவரம்பு 3,000 ரூபாய். இரண்டேகால் வாய்தாவுக்குக்கூடச் சரியாக வராது.

கட்டணத்தை மட்டும் குறைத்தால் போதாது என்பதற்கு நுகர்வோர் ஆணையம் இன்னொரு சாட்சி. 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், வாங்கிய பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணமே இல்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய். மூன்று மாதத்தில், பொருளைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டியிருந்தால் ஐந்து மாதத்தில், முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். கட்டணத்தைப் பூஜ்யமாக்க ஓர் அரசாணை போதும். மூன்று மாதத்தை மூன்று மாதமாகவே வைத்திருக்க ஆள் வேண்டும், அறை வேண்டும், சுருக்கெழுத்தர் வேண்டும்.

இரண்டாம் பக்கம்: உள்ளே இருப்பவர்

வெளியே இருப்பவரின் காத்திருப்பை வாய்தாவில் எண்ணினோம். சிறையில் இருப்பவருடையதை இரவுகளில்தான் எண்ண வேண்டும்.

2022ஆம் ஆண்டு முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் விசாரணைக் கைதிகள் 4,34,302, அதாவது 75.8 சதவீதம். நான்கில் மூன்று பேருக்கு இன்னும் தீர்ப்பே வரவில்லை. நாட்டுச் சிறைகளின் மொத்தக் கொள்ளளவு 4,36,266. தண்டனை பெற்ற அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டாலும், குற்றம் நிரூபணமாகாதவர்களை வைத்தே எல்லாச் சிறைகளும் நிரம்பிவிடும். மிஞ்சும் இடம் 1,964.

இவர்களில் பலருக்கு ஜாமீன் கிடைத்திருக்கும். ஜாமீன்தாரர் கிடைத்திருக்க மாட்டார். "இருநபர் ஜாமீன்" என்று உத்தரவில் இரண்டே சொல்லில் முடிவது, ஊரில் இரண்டு பேரைப் பிடித்து, சொத்துக்குக் காகிதம் வாங்கி, கிராம நிர்வாக அலுவலரிடம் நின்று, குறித்த நாளில் அவர்களை நீதிமன்றத்துக்குக் கூட்டிவருவதாக நீளும். 1978இல் மோதிராம் வழக்கில் மத்தியப் பிரதேசத்துக் கொத்தனார் ஒருவரிடம் மாஜிஸ்திரேட் கேட்ட ஜாமீன் தொகை 10,000 ரூபாய். அண்ணன் தம்பி சொத்து இருக்கிறதே என்றால், அது வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மறுப்பு. நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் இதைக் கடுமையாகக் கண்டித்தார். ஏழையிடம் கேட்கும் தொகை ஏழைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்பது அன்றிலிருந்து சட்டம்.

45 ஆண்டு கழித்து, 2023இல், ஒன்றிய அரசு ஏழைக் கைதிகளுக்கு உதவும் திட்டம் கொண்டுவந்தது. ஜாமீன் தொகை கட்ட முடியாத விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரை, அபராதம் கட்ட முடியாத தண்டனைக் கைதிக்கு 25,000 ரூபாய் வரை. ஆண்டு ஒதுக்கீடு 20 கோடி. ஆளுக்கு முழு 40,000 கொடுத்தால் 5,000 பேருக்குப் போதும்.

2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவு இன்னொரு கணக்குச் சொல்கிறது. முதன்முறையாக வழக்கில் சிக்கியவர், அந்தக் குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால் விடுவிக்கப்பட வேண்டும். ஆயுள், மரண தண்டனைக் குற்றங்கள் இதில் சேரா. மற்றவர்களுக்குப் பாதி. பழைய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு ஆகஸ்டில் சொன்னது. நல்ல பிரிவுதான். ஆனால் அதைத் திருப்பி வாசித்துப் பாருங்கள். 3 ஆண்டுத் தண்டனைக்குரிய குற்றத்தில், நிரபராதியாகவே இருக்கக்கூடிய ஒருவர் ஓராண்டு உள்ளே இருந்த பிறகுதான் இந்தப் பிரிவு கண்விழிக்கும்.

மூன்றாம் பக்கம்: ஜூனியர்

வழக்காடிக்கு வாய்தா எப்படியோ, புது வக்கீலுக்கு ஜூனியர் காலம் அப்படி. உள்ளே வரும் வாசலில் ரசீதுச் செலவு இப்போது குறைந்துவிட்டது. வழக்கறிஞர்கள் சட்டம், 1961இன்படி பதிவுக் கட்டணம் 750 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125. ஆனால் மாநில பார் கவுன்சில்கள் ஆளுக்கொரு பெயரில் கூடுதலாக வாங்கிவந்தன. ஒடிசாவில் மொத்தம் 42,100 ரூபாய், சட்டம் சொன்னதைப் போல் 56 மடங்கு. 2024 ஜூலை 30 அன்று, தலைமை நீதிபதி டி.ஒய்.சந்திரசூட், நீதிபதி ஜே.பி.பர்திவாலா அமர்வு, சட்டத்தில் இல்லாத ஒரு பைசாவும் பதிவுக் கட்டணமாக வாங்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அகில இந்திய பார் தேர்வுக்குச் சுமார் 3,500 ரூபாய் சேர்த்தால் வாசற்படியைத் தாண்டச் செலவு ஐயாயிரத்துக்குள் அடங்கிவிடும்.

படி தாண்டிய பிறகுதான் ரசீதில்லாத பக்கம் தொடங்குகிறது.

2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் நீதிபதிகள் எஸ்.எம்.சுப்பிரமணியம், சி.குமரப்பன் அமர்வு, ஜூனியர்களுக்குக் குறைந்தபட்ச ஊக்கத்தொகை தர வேண்டும் என்று சுற்றறிக்கை விடும்படி தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000. மற்ற ஊர்களில் 15,000. அதே ஆண்டு அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் நகரத்துக்கு 20,000, கிராமப்புறத்துக்கு 15,000 என்று பரிந்துரைத்தது. பரிந்துரைதான், கட்டாயம் இல்லை. சீனியரிடம் போய் "சுற்றறிக்கை பார்த்தீங்களா, சார்?" என்று கேட்கும் ஜூனியரை நானும் தேடுகிறேன்.

மூன்று ஆண்டுக்குக் கணக்கு:

மாதம் 20,000 கிடைத்தால் – 7,20,000
மாதம் 5,000தான் கிடைத்தால் – 1,80,000
துண்டு விழுவது – 5,40,000
ஏழைக் குடும்பத்து இளம் வழக்கறிஞருக்கு மாநில அரசு உதவி (மாதம் 3,000, இரண்டு ஆண்டு) – 72,000

மாதம் 5,000 என்பது நான் போட்ட அனுமானம். கூடவும் இருக்கலாம், அதுகூட இல்லாமலும் இருக்கலாம். அரசு உதவி முழுதும் கிடைத்தால்கூட 4,68,000 ரூபாயை வேறு யாராவது போட்டாக வேண்டும். அப்பாவின் சேமநிதி, அம்மாவின் நகை, அக்காவின் சம்பளம். இவை எதுவும் இல்லாதவர் இரண்டாம் ஆண்டில் ஏதோ ஒரு நிதி நிறுவனத்தின் வசூல் பிரிவில் வேலைக்குச் சேர்ந்துவிடுவார். திறமை இல்லாததால் தொழிலை விட்டவர் என்று பிறகு அவரைப் பற்றிச் சொல்வார்கள்.

மூன்று ஆண்டு என்று கணக்குப் போட்டதற்குக் காரணம் உண்டு. சிவில் நீதிபதித் தேர்வு எழுத மூன்று ஆண்டு வழக்காடிய அனுபவம் வேண்டும் என்ற விதியை 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் கொண்டுவந்தது. 1993இல் போட்டு, 2002இல் எடுத்த விதி. காரணம் நியாயமானதே. நீதிமன்றம் எப்படி நடக்கிறது என்று தெரியாமல் புத்தகத்தை மட்டும் படித்துவிட்டு மேடையேறுபவரால் வழக்காடிக்குத்தான் நஷ்டம். ஆனால் செலவுப் பத்தியையும் பார்க்க வேண்டும். சிவில் நீதிபதியின் தொடக்கச் சம்பளம் 77,840 ரூபாய். தொழிலாளி வீட்டுப் பெண் ஒருத்தி படிப்பு முடிந்த கையோடு தேர்வெழுதி அந்தச் சம்பளத்துக்குப் போகலாம் என்றிருந்த வழி, இப்போது 5,40,000 ரூபாய்ப் பள்ளத்தைத் தாண்டிப் போக வேண்டியதாகிவிட்டது. ஊக்கத்தொகையைக் கட்டாயமாக்காமல் அனுபவத்தை மட்டும் கட்டாயமாக்கினால் கணக்கு நேராகாது.

நான்காம் பக்கம்: மேடை

அந்தப் பள்ளம் யாரைத் தடுக்கிறது என்பதற்கு இன்னும் சில எண்கள் தடயம் தருகின்றன. நாட்டின் 17 லட்சம் வழக்கறிஞர்களில் பெண்கள் 15 சதவீதம்தான் என்று 2021இல் அப்போதைய தலைமை நீதிபதி என்.வி.ரமணா சொன்னார். 2025ஆம் ஆண்டு இந்திய நீதி அறிக்கையின்படி மாவட்ட நீதித்துறையில் பெண்கள் 38 சதவீதம், உயர் நீதிமன்றங்களில் 14 சதவீதம்.

மாவட்ட நீதித்துறைக்கு முக்கிய வழி தேர்வு. விடைத்தாளில் பெயர் கிடையாது. உயர் நீதிமன்றத்துக்குப் பெரும்பாலோர் வழக்கறிஞர்களாக இருந்து எடுக்கப்படுகிறார்கள். அரசியலமைப்பின் 217ஆம் பிரிவு கேட்பது குறைந்தது பத்தாண்டு வழக்காடல். நடப்பில் அதற்கும் மேல் ஆகும். பத்து, இருபது ஆண்டு வருமானத்துக்கு உத்தரவாதம் இல்லாமல் தாக்குப்பிடிப்பவர்களில் இருந்துதான் அந்தத் தேர்வு நடக்கிறது.

சாதிக் கணக்கும் அதே பக்கம்தான் சாய்கிறது. 2018க்குப் பிறகு நியமிக்கப்பட்ட உயர் நீதிமன்ற நீதிபதிகள் 715 பேர் என்று 2025 மார்ச்சில் ஒன்றிய சட்ட அமைச்சகம் மாநிலங்களவையில் பதிலளித்தது. அவர்களில் பட்டியல் சாதியினர் 22, பழங்குடியினர் 16, இதர பிற்படுத்தப்பட்டோர் 89. மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 16.6 சதவீதம், பழங்குடியினர் 8.6 சதவீதம் என்பது 2011 கணக்கெடுப்பு. அந்த விகிதத்தில் வந்திருந்தால் 22 என்பது 119ஆகவும், 16 என்பது 61ஆகவும் இருந்திருக்கும். இதற்கு ஜூனியர் காலத்தின் வறுமை ஒன்றே காரணம் என்று சொல்லவில்லை. தெரிந்தெடுக்கும் முறையிலும் காரணம் உண்டு. ஆனால் நியமனப் பட்டியல் தயாராவதற்கு இருபது ஆண்டு முன்பே பலர் வரிசையிலிருந்து கழன்றுவிடுகிறார்கள். அந்த நீக்கத்துக்கு உத்தரவு நகல் ஏதும் கிடையாது.

ஐந்தாம் பக்கம்: அரசு

அதே 2025 அறிக்கை, அரசு தலைக்கு எவ்வளவு செலவழிக்கிறது என்றும் சொல்கிறது. ஆண்டுக்கு:

காவல் துறை – 1,275 ரூபாய்
நீதித் துறை – 182 ரூபாய்
சிறை – 57 ரூபாய்
இலவசச் சட்ட உதவி – 6 ரூபாய் 46 காசு

பிடிப்பதற்கு 1,275, அடைத்துவைக்க 57, பிடிபட்டவருக்காகப் பேச ஆறரை ரூபாய்கூட இல்லை. டீக்கடையில் அரை டீக்குத்தான் காணும். சட்டத்தில் உரிமை தாராளமாகவே இருக்கிறது. 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் என்று பலருக்கும் வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணை அழைத்தால் போதும். மற்றவர்களுக்கு வருமான வரம்பு. சேர்த்துப் பார்த்தால் நாட்டில் பாதிக்கு மேற்பட்டோருக்கு உள்ள உரிமை இது. ஒதுக்கியிருப்பது அரை டீ.

காத்திருப்பு ஏன் நீள்கிறது என்பதற்கும் இங்கே விடை உண்டு. நாட்டில் இருக்கும் நீதிபதிகள் 21,285 பேர், பத்து லட்சம் பேருக்குச் சுமார் 15. நிலுவை வழக்குகள் 5 கோடிக்கு மேல். வகுத்தால் ஒரு நீதிபதிக்கு ஏறக்குறைய 2,350 வழக்கு. பத்து லட்சம் பேருக்கு 50 நீதிபதிகளாவது வேண்டும் என்று சட்ட ஆணையம் 120ஆம் அறிக்கையில் சொன்னது 1987இல். அப்போது இருந்தது 10.5. முப்பத்தெட்டு ஆண்டில் ஏறியது நாலரை. 50 என்ற இலக்கை 140 கோடிப் பேருக்குப் பெருக்கினால் 70,000 நீதிபதிகள் வேண்டும். இருப்பது அதில் பத்தில் மூன்று பங்கு.

இருப்பு

வாய்தாவுக்கு வந்து போவதால் நாடு முழுவதும் ஆண்டுக்கு இழக்கும் கூலியும் வியாபாரமும் 50,387 கோடி ரூபாய் என்று தக்ஷ் ஆய்வு மதிப்பிட்டது. மின்நீதிமன்றத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு 2023இல் ஒன்றிய அரசு நான்கு ஆண்டுக்குச் சேர்த்து ஒதுக்கியது 7,210 கோடி. நான்கு ஆண்டுச் சீர்திருத்தச் செலவைப் போல் ஏழு மடங்கை வழக்காடிகள் ஒரே ஆண்டில் தொலைக்கிறார்கள். இது எந்த வரவுசெலவுத் திட்டத்திலும் வருவதில்லை. அரசு கொடுக்காத பணம் அரசின் செலவு ஆகாது என்பதால், மிச்சம் பிடிக்க வேண்டும் என்றும் யாருக்கும் தோன்றவில்லை.

மிச்சம் பிடிப்பதற்கு எல்லாமே பெரிய காசு கேட்கிற வேலை இல்லை. முப்பது வழக்குக்கும் காலை பத்தரை மணி என்று போடாமல் பத்தரை, பன்னிரண்டு, இரண்டரை என்று பிரித்துப் போடலாம். ஒத்திவைக்கப்போவது முந்தின நாளே தெரிந்தால் கட்சிக்காரரின் கைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பலாம். 35ஏ பிரிவின் 3,000 ரூபாயை இன்றைய விலைக்கு ஏற்றலாம். காரணமில்லாமல் வாய்தா கேட்கும் தரப்பு, எதிர்த் தரப்பின் அன்றைய 1,341 ரூபாயை அங்கேயே எண்ணிவைக்கட்டும் என்று உத்தரவிடலாம். வாய்தாவுக்குச் செலவுத்தொகை விதிக்கும் அதிகாரம் இப்போதே 17ஆம் கட்டளையில் இருக்கிறது.

ஒரு கோடி வழக்காடிகளுக்கு ஆளுக்கு ஒரே ஒரு வாய்தா குறைந்தால் மிச்சமாவது 1,341 கோடி ரூபாய். ஆளுக்கு ஆறு குறைந்தால் 8,046 கோடி. நாலு வருட மின்நீதிமன்றத் திட்டத்தின் மொத்தச் செலவும் அதில் அடங்கி, மேலே 836 கோடி மிஞ்சும்.